நாய்க்கடி ஊசி போட்டதால் அம்மாவின் மூட்டுவாத மருந்து தள்ளிப்போனது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மேல்தோட்டம் (கோத்தகிரி) கேட்கிறார்:

அம்மாவுக்கு வயது 61. பதினொரு ஆண்டுகளாக முடக்குவாதம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். அரவேணுவுக்குக் கீழே முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய கை அது. இப்போது வலது கையின் விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன, ஒரே திசையில் காற்றடிக்கும் மேட்டில் வளர்ந்த செடி மாதிரி. விடியற்காலையில் முக்கால் மணி நேரம் வெந்நீர்ப் போசியில் கையை ஊற வைத்தால்தான் விரல் மடங்கும். குழம்புக்கு உப்பைக் கிள்ளிப் போட முடியாது. கரண்டிக் காம்பால் தள்ளிவிடுகிறார்.

முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரையை நம்பினோம். வலி போனது, முகம் பூசணிக்காய் போல வீங்கியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட், கூடவே வேறு இரண்டு மாத்திரைகள். இந்த ஆண்டு அவையும் போதவில்லை. கோயம்புத்தூரில் மூட்டுவாத மருத்துவர் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை எழுதினார். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். தேதி குறித்தாயிற்று, பணமும் புரட்டியாயிற்று.

தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போகிற வழியில் அம்மாவின் கெண்டைக்காலை ஒரு தெருநாய் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். காயத்திலேயே, உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், கையில் தடுப்பூசி தொடங்கினார்கள். மொத்தம் ஐந்து. இதைக் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் சொன்னதும் மருத்துவர் தேதியை ரத்து செய்துவிட்டார். "நாய்க்கடி ஊசியை வேலை செய்ய வைப்பது பி செல் என்ற வெள்ளையணு. மூட்டைக் கெடுப்பதும் பி செல். அதைத்தான் நாம் அழிக்கப்போகிறோம். கடைசி ஊசி போட்டு நான்கு வாரமாவது போகட்டும்" என்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்திருப்பார்கள், வைத்துவிட்டார்.

எனக்குப் புரிந்தவரை கேட்கிறேன். நோயை எதிர்க்கும் செல்லையே அழித்துவிட்டால் அம்மா எதை வைத்துப் பிழைப்பார்? சிறுவயதில் போட்ட ஊசிகள் எல்லாம் வீணாகிவிடுமா? ஒரே செல் எப்படிக் காவலாகவும் களவாகவும் இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மருத்துவரைக் கேளுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பண்ணைக்காரன் (பல்லடம்):

நான் மருத்துவர் இல்லை, கறிக்கோழி வளர்க்கிறவன். ஆனால் உங்கள் மருத்துவர் ஏன் தள்ளிப்போட்டார் என்பது எங்கள் ஊரில் எந்தப் பண்ணைக்காரனுக்கும் உடனே விளங்கும்.

கோழியின் ஆசனவாய்க்கு மேல்பக்கம் சின்னதாக ஒரு பை இருக்கும். கம்போரோ என்று ஒரு வைரஸ் நோய், மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளில் வந்து நேராக அந்தப் பையைத்தான் தின்னும். பிழைத்த குஞ்சுகளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், தீனி எடுக்கும். ஆனால் அந்தத் தொகுதிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டால் ஏறாது. மருந்து சரியாக இருக்கும், குளிர் கெடாமல் வந்திருக்கும், போட்டவன் கையும் சரியாக இருக்கும், இருந்தும் பிடிக்காது. நான் ஒரு தொகுதியை அப்படி இழந்திருக்கிறேன். கால்நடை மருத்துவர் ஒரு செத்த கோழியை அறுத்து, சுருங்கிப் போயிருந்த அந்தப் பையைக் காட்டி, "தடுப்பூசியை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை" என்றார்.

பி செல்லுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பையால்தான் என்றும் அவர் சொன்னார். அது சரியா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

பழைய பைப்பெட் (குன்னூர்):

சரிதான். பண்ணைக்காரர் வேடிக்கையாகச் சொல்வது போலத் தெரியும், ஆனால் வரலாறே அதுதான். பதினாறாம் நூற்றாண்டில் பிறந்த ஃபாப்ரிசியஸ் என்ற இத்தாலிய உடற்கூறியலார் பெயரால் அந்தப் பையை ஃபாப்ரிசியஸின் பர்சா என்பார்கள். பர்சா (bursa) என்றால் பை, அதன் முதல் எழுத்துதான் பி. அது எதற்கு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளில் அதை வெட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் திமத்தி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்கும் புரதம்) உண்டாவதைச் செய்து காட்ட, தற்செயலாக அந்தக் கோழிகளையே வாங்கிப்போய் ஊசி போட்டார். பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருள் வரவே இல்லை. 1956இல் ஒரு கோழியியல் இதழில் கட்டுரை வந்தது. மருத்துவ உலகம் கோழி இதழையா படிக்கும்? சில ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. நமக்கு அந்தப் பை கிடையாது. எலும்பு மஜ்ஜையில் அந்த வேலை நடக்கிறது.

மேல்தோட்டம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். குன்னூரில் தடுப்பூசி வேலையிலேயே தலை நரைத்தவன் நான், ஆய்வக உதவியாளனாக. மருத்துவன் அல்ல.

பி செல் என்பது ஒரே ஆள் அல்ல, ஒரு குடும்பம். மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் செல் எதையும் கண்டதில்லை. கிருமியின் ஒரு துண்டு அதற்குப் பொருந்திவிட்டால், நிணநீர்க் கணுவுக்குள் போய்ப் பெருகும். பெருகும்போது தன் மரபெழுத்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திப் பார்க்கும். பொருத்தம் கூடியது நிற்கும், குறைந்தது சாகும். மிஞ்சியவற்றில் சில நினைவுச் செல்களாகச் சுற்றிவரும். சில பிளாஸ்மா செல்களாக மாறி மஜ்ஜையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிர்ப்பொருள் தயாரிக்கும் ஆலை அந்தப் பிளாஸ்மா செல்தான். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் தள்ளும்.

ரிட்டுக்சிமாப் எதைப் பிடிக்கும்? பி செல்லின் மேல்தோலில் சி.டி.20 என்ற ஒரு முத்திரை இருக்கிறது, அதைத்தான். மஜ்ஜையின் மூலச் செல்லுக்கு அந்த முத்திரை இல்லை. வேலைக்கு அமர்ந்துவிட்ட பிளாஸ்மா செல் அதைக் கழற்றிப் போட்டுவிடும். ஆகவே இடையில் இருப்பவைதான் அழிகின்றன. பழைய ஊசிகள் வீணாகாது என்பதற்குக் காரணம் இதுதான். ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும், அப்படியிருந்தும் சில நோய்களுக்கு ஆயுள் முழுக்க இருக்கிறது என்றால், ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1918 விஷக்காய்ச்சலில் தப்பியவர்களை, தொண்ணூறு வயது தாண்டிய பிறகு சோதித்தார்கள். அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது, அதைச் செய்யும் பி செல்லும் இருந்தது. 2008இல் வந்த செய்தி அது.

ஆனால் நாய்க்கடி ஊசி உங்கள் அம்மாவுக்குப் புதிய பாடம். அதைப் படிக்க இளம் செல் வேண்டும். பாடம் நடக்கும்போது வகுப்பையே கலைத்துவிட்டால்? வெறிநோய் வந்துவிட்டால் மீள்வது அரிதினும் அரிது. மூட்டு கொஞ்ச நாள் பொறுக்கும். உங்கள் மருத்துவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

மேல்தோட்டம்:

ஐயா, நன்றி. பஸ்ஸில் வாசித்தேன். எனக்கு இப்படித்தான் பிடிபட்டது: இது கவாத்து. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெட்டிவிடுவோம். வெட்டிய புதிதில் தோட்டம் எலும்புக்கூடாக நிற்கும், பார்க்கப் பயமாக இருக்கும். வேர் இருக்கிறது, துளிர்க்கும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை யாரும் தொடுவதில்லை, அதுதான் உங்கள் பிளாஸ்மா செல்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. எதிர்ப்பொருள் ஆலையைத் தொடாமல் விட்டால் மூட்டுவாதம் எப்படிக் குறையும்? அம்மாவின் அறிக்கையில் ஆர்.ஏ. ஃபேக்டர் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. அதுவும் எதிர்ப்பொருள்தான் என்றார்கள்.

பழைய பைப்பெட்:

கவாத்து நல்ல உவமை. ஒரே ஒரு திருத்தம்: கவாத்துக்குப் பிறகு அதே செடிதான் துளிர்க்கும். இங்கே வருவது எதையும் படிக்காத புதுக் கன்றுகள். நோய் சில மாதங்களாவது அடங்குவது அதனாலும்தான்.

இடிக்கிறது என்றீர்களே, அந்த இடத்தில்தான் மருத்துவர்களும் நெடுநாள் முட்டிக்கொண்டு நின்றார்கள். மூட்டுவாதம் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் வேலை என்று ஒரு காலம் முழுக்க நம்பினார்கள். ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது நிணநீர்ப் புற்றுநோய்க்குத்தான். லண்டனில் ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற மூட்டுவாத மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம்முடைய எதிர்ப்பொருளின் வாலையே பிடிக்கும் எதிர்ப்பொருள். அதைச் செய்யும் பி செல், தன் சரக்கைத் தானே தின்று தன்னையே தூண்டிக்கொள்கிறது, அந்தச் சங்கிலியை அறுத்தால் என்ன என்று கேட்டார். முதலில் ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்து 2001இல் எழுதினார். 2004இல் 161 பேரிடம் முறைப்படி சோதித்த முடிவு வந்தது, 2006இல் மூட்டுவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது.

இன்னொன்று, பி செல் எதிர்ப்பொருள் மட்டும் செய்வதில்லை. விழுங்கியதைத் துண்டாக்கி டி செல்லிடம் காட்டிக் கோள்மூட்டும். வீக்கத்தை ஊதிவிடும் சரக்குகளையும் கக்கும். கோள்மூட்டுகிறவனை வெளியேற்றினாலே வீட்டில் பாதிச் சண்டை அடங்கும். எல்லாப் பிளாஸ்மா செல்லுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. சில சீக்கிரம் செத்துப்போகும், அவற்றுக்கு மாற்றாள் வராததால் ஆர்.ஏ. ஃபேக்டரும் இறங்கும்.

காவலும் களவும் ஒரே கையா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பழைய கதை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வந்தது, வெறிநாய்க்கடிக்காகவே. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். நாடெங்கும் போட்ட அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்தது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அதுதான் இருந்தது. உயிரையும் காத்தது. ஆனால் அதில் மூளைச் சரக்கும் கலந்திருக்கும். சிலருக்கு உடல் வைரஸை எதிர்க்கப் புறப்பட்டு, ஆட்டின் நரம்பு உறையையும் அந்நியம் என்று குறித்துக்கொள்ளும். நம் நரம்பு உறையும் ஏறக்குறைய அதே சரக்கு. கை கால் விளங்காமல் போகும். அப்படி விழுந்தவர்களின் ரத்தத்தில் நரம்பு உறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்ததைத் தாய்லாந்தில் 1980களில் காட்டினார்கள். இந்தியாவில் அந்த ஊசித் தயாரிப்பு 2004 இறுதியில் நின்றது. இப்போது போடுவது செல் வளர்ப்பு ஊசி, அதில் மூளை இல்லை, பயப்பட வேண்டாம்.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் 1933இல் குரங்குகளுக்கு வெறும் முயல் மூளையைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். வைரஸ் இல்லை, கிருமி இல்லை, மூளை மட்டும். சில குரங்குகளுக்கு முடக்கம் வந்தது. உடலின் காவலே உடலைத் தாக்கும் தன்னுடல் தாக்குநோயை ஆய்வகத்தில் உண்டாக்கும் முறை அப்படித்தான் பிறந்தது. இன்றுவரை எலிகளில் செய்கிறார்கள். நாய்க்கடி ஊசியின் தவறிலிருந்து ஒரு துறையே முளைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே எலி முறையில்தான் 2002இல் மறுபக்கமும் தெரிந்தது. அந்த எலிகள் சாதாரணமாக முடங்கித் தானே தேறிவிடும். பி செல்கள் இன்டர்லூக்கின்-10 என்ற சரக்கைச் சுரக்க முடியாதபடி செய்தபோது எலிகள் தேறவில்லை. அதாவது, சண்டையை அடக்குகிற பி செல்லும் இருக்கிறது. ஒழுங்குபடுத்தும் பி செல் என்கிறார்கள். ரிட்டுக்சிமாப் அதையும் சேர்த்துத்தான் வெட்டும். முத்திரையைப் பார்க்குமே தவிர மருந்துக்கு முகம் தெரியாது.

ஆய்வு மாணவி (சென்னை):

ஐயா சொன்ன குடும்பத்தில் இன்னொருவரைச் சேர்க்கிறேன், அக்கா. உங்கள் அம்மாவின் வயது என்பதால். 2011இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வயதான எலிகளில் ஒரு தனி வகைப் பி செல் சேர்வதைக் கண்டன. வயதோடு சேரும் பி செல் என்று பெயர். அவற்றில் அமெரிக்காவின் டென்வர் நகரக் குழு பார்த்தது முக்கியமாகக் கிழட்டுப் பெண் எலிகளில். தன்னுடல் தாக்குநோய் உள்ள வயதான பெண்கள் பலரின் ரத்தத்திலும் அதே போன்ற செல் இருந்தது. டி.எல்.ஆர்.7 என்ற உணரி இதைத் தூண்டுகிறது. அந்த உணரியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பூட்டியிருக்க வேண்டும், ஆனால் சில செல்களில் இந்த மரபணு பூட்டிலிருந்து நழுவிவிடுகிறது. லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோயில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 2022இல் லூபஸ் உள்ள ஒரு சிறுமியிடம் அந்த ஒரே மரபணுவில் இருந்த பிழையைக் கண்டு, அதை எலியில் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்தது.

இதை வைத்து அந்தச் செல்லை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். வைரஸ் தொற்றின்போது உதவிக்கு வருவதும் இந்த வகைதான்.

செவிலி (கூடலூர்):

அறிவியல் போதும், நான் வேலையைச் சொல்கிறேன். அக்கா, தள்ளிப்போன இந்த நாட்களை வீணாக்காதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான சோதனை எடுத்தாயிற்றா என்று அறிக்கையில் பாருங்கள். உள்ளே தூங்கும் அந்த வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடும், ஆகவே அது இல்லாமல் ஏற்றவே கூடாது. சளிக்காய்ச்சல் ஊசி, நிமோனியா ஊசி இரண்டையும் மருந்துக்கு முன்பே முடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நாய்க்கடி ஊசி பிடித்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கவும் முடியும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் போதும். மெத்தோட்ரெக்சேட்டும் ஊசியின் பலனைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதால் கேட்பதில் தவறில்லை.

மருந்து ஏற்றும் நாளில் முதல்முறை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெதுவாகத்தான் விடுவார்கள். அதற்கு முன் காய்ச்சல் மாத்திரை, ஒவ்வாமை மருந்து, ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு என்றதும் பழைய பொட்டலத்தை நினைத்துச் சண்டை போடாதீர்கள், இது வேறு கணக்கு. நடுக்கமோ தொண்டை அரிப்போ வந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும். நம் மலைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாயோ குரங்கோ பிறாண்டினால்கூட, ரத்தம் வராவிட்டாலும், இந்த மருந்து எடுத்திருப்பதைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அந்தக் கீறலுக்குத் தடுப்பூசி மட்டும் போதும். உங்கள் அம்மாவுக்கு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவர் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள்.

மேல்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்தாவது ஊசி போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. ஹெபடைட்டிஸ் சோதனை எடுத்திருக்கிறார்கள், இல்லை என்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் புதுத் தேதி. சீட்டு எழுதிப் போட்டாயிற்று. அம்மா அதை வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், சுண்ணாம்புக் கறை படியாமல் இருந்தால் சரி.

உங்கள் மறுமொழிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டு மூளைக் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய சித்தப்பா ஒருவர் நாய் கடித்துத் தொப்புள் ஊசி போட்டுத் தப்பியவராம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எண்பது வயது வரை இருந்தார் என்றார். "எனக்கும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு வெந்நீர்ப் போசியை எடுக்கப் போனார். போசியைத் தூக்கியது மணிக்கட்டால், விரலால் அல்ல.

பண்ணைக்காரருக்கு ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கோழி ஒன்றை அடித்தோம். நீங்கள் சொன்ன இடத்தில் அந்தப் பையை வெகுநேரம் தேடினேன். அம்மா திட்டத் தொடங்கிவிட்டார். கிடைக்கவில்லை.

பண்ணைக்காரன்:

எத்தனை மாதக் கோழி? முட்டையிடும் வயது வந்ததும் பை சுருங்கிவிடும். செல்கள் எல்லாம் குடியேற வேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருக்கும். ஆறு வாரக் குஞ்சில் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.